பாசிக்குடாவுக்குப் போகும் தம்பிக்கு

பசறைப் பக்கத்துத் தோட்டத் தம்பி ஒருவர், பாசிக்குடாவில் சுழியோடப் பழகப் போவதாகச் சொல்லிக்கொண்டு பதுளைத் தேநீர்க் கடையில் வந்து உட்கார்ந்தார். வாங்க வேண்டிய சாமான்களை எழுதி வைத்திருந்தார். முதலில் இருந்தது சிலிண்டர். பிளேன்டீ ஆறுவதற்குள் அந்தப் பட்டியலைத் தலைகீழாக்கினோம்.

சிலிண்டர் வேண்டவே வேண்டாம், தம்பி. காற்று நிரப்பவும், காலத்துக்குக் காலம் அழுத்தச் சோதனை செய்யவும் எப்படியும் கடற்கரைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட், ஈயக் கட்டிகள் எல்லாவற்றையும் பழக்குகிற இடத்திலேயே இரவலாகத் தருவார்கள். கிழக்கில் சீசனில் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகை. 3 மில்லிமீட்டர் உடுப்பு போதும், அதுவும் வாடகைக்கே.

சொந்தக் காசில் முதலில் வாங்க வேண்டியது மாஸ்க். ஒருவர் முகத்துக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. கடையில் பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலும், மீசை தடித்திருந்தாலும் அந்த வழியே தண்ணீர் கசியும். நீச்சல் குளத்துக் கண்ணாடி இதற்கு ஆகாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். மூக்கும் உள்ளே இருந்தால்தான் மூச்சை விட்டு அதைச் சமன் செய்யலாம். இல்லாவிட்டால் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

மட்டக்களப்பில் ஹெர்மிஸ் கப்பலைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. முதல் சான்றிதழ் அனுமதிப்பது 18 மீட்டர்தான். அதற்கென்று இப்போது எதையும் வாங்காதீர்கள்.

மாஸ்க்குக்கு அடுத்து காசு சேர்ந்தால், கைக்கடிகாரம்போல் கட்டும் டைவ் கம்ப்யூட்டரை வாங்குங்கள். கரையில் இருப்பவரைவிட நமக்கு அது அதிகம் தேவை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். மேலே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழி கிளம்பும். மூட்டு வலியிலிருந்து முடக்கம் வரை கொண்டுபோய் விடலாம். அதனால்தான் சுழியோடிவிட்டு உடனே விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். அந்த எச்சரிக்கை ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பதுளை சுமார் 680 மீட்டர். பண்டாரவளை, ஹப்புத்தளை இரண்டும் 1,200 மீட்டருக்கு மேல்.

செங்கலடியில் பஸ் ஏறினால் மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏ5 வீதி அன்றைக்கே வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். அந்த வசதிதான் எனக்குப் பயம். ஒரே தடவை இறங்கினால் குறைந்தது 12 மணித்தியாலம், பல தடவை இறங்கினால் 18 மணித்தியாலம் மலையேறாமல் கரையிலேயே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் விமானக் குறி போட்டு அந்த நேரத்தைக் காட்டும்; நமக்கு அது பஸ் குறி.

சனிக்கிழமை மத்தியானத்தோடு கடலை விட்டு ஏறிவிடுங்கள், தம்பி. இரவு கல்குடாவில் தங்கி, ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறுங்கள். அந்த ஒரு இரவு அறை வாடகையையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.