பிள்ளைக்காம்பராவில் ஒரு சின்ன அடுப்படி: மரமா, பிளாஸ்டிக்கா?

விளையாட்டு அடுப்படி என்பது மூன்று வயதுப் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குச் செய்த சின்னச் சமையலறை. ஓர் அடுப்பு மேடை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, கதவு வைத்த ஒரு தட்டு, கூடவே சட்டி, பானை, அகப்பை. ஒன்றரை வயதில் வெறும் கோப்பையை வாயில் வைத்துக் குடிப்பதாகப் பாவனை செய்யும் பிள்ளை, மூன்று வயதில் பொம்மைக்குச் சோறூட்டி, பக்கத்தில் இருப்பவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும். "எனக்கு ரெண்டு ரொட்டி, உனக்கு ஒண்ணு" என்று பேரம் பேசும்போதே எண்ணிக்கையும் பங்கிடுதலும் வந்துவிடுகின்றன.

நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் இந்த வயதுப் பிள்ளைகளின் பகல் கழியும் இடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கும் தாய், மலைக்கு ஏறுமுன் பிள்ளையை அங்கே ஆயம்மாவிடம் விட்டுப் போவார். தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போன 1992இல் உருவான அமைப்பே பின்னாளில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் பெற்றது. அதன் வழியாகப் பல பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. இவற்றுக்கு வெளியே, கடை வேலைக்கும் நகரத்து வேலைக்கும் போகும் தாய்மாரின் நான்கைந்து பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் பெண்களும் உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே பொருளைப் பல பிள்ளைகள், வெவ்வேறு வயதில், நாள் முழுக்கக் கையாளுகிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வாங்கும் கணக்கு இங்கே சரிவராது.

மரமா பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு மலைநாட்டில் முதலில் பதில் சொல்வது மழைதான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையுடன் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டர் வரை போகும். அந்த மாதங்களில் துவைத்த துணியே காய மூன்று நாள் எடுக்கும். காற்றில் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் நிலைத்து நிற்கும்போது, மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 18 வீத அளவு நீரைப் பிடித்துக்கொள்கிறது. அது 20 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் படரத் தொடங்கும். சீமெந்துத் தரையில் நேரே வைத்த பலகையின் அடிப்பகுதி அந்த அளவைச் சீக்கிரமே எட்டிவிடும்.

இதை வைத்து மரம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடையில் "மர அடுப்படி" என்று விற்பதில் பெரும்பாலானது முழு மரம் அல்ல. மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை, மேலே வண்ணத் தாள். மலைநாட்டு ஈரத்தில் முதலில் தோற்பது இதுதான். அடையாளம் காண்பதும் எளிது. பின்பக்கம் திருப்பி, ஆணி இறங்கிய துளையையும் வண்ணம் படாத ஓரத்தையும் பார்க்க வேண்டும். வளையமோ ரேகையோ இல்லாமல், பிஸ்கட் உடைந்த இடம்போல் ஒரே சீரான தூளாகத் தெரிந்தால் அது அழுத்திய பலகை. தண்ணீர் பட்ட ஓரம் ஊதிப் பருத்து, பின் சுருங்காமல் அப்படியே நின்றுவிடும். ஊதிய இடத்தில் ஆணி பிடிக்காது, கதவு தொங்கும். அதன் பசையிலிருந்து ஃபோர்மல்டிஹைட் வாயு மெல்ல வெளியேறுவதும் உண்டு. குளிருக்குச் சன்னலைச் சாத்தி வைக்கும் சிறிய அறையில் அதை அலட்சியம் செய்ய முடியாது.

முழு மரத்தின் கதை வேறு. ஈரத்தில் உப்பினாலும் வெயில் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். உடைந்த சட்டத்தைக் கழற்றி மாற்றலாம், தேய்ந்த முனையை உப்புத்தாளால் தேய்க்கலாம். சப்பு மரம் இலேசானது, வேலைக்கு இணங்குவது. பலா நெடுங்காலம் உழைக்கும், விலையும் அதிகம். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் மரம் விளையாட்டுப் பொருளுக்குப் பேர்போனதுதான். ஆனால் அதில் மாப்பொருள் மிகுதி. போரன் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் வண்டும் நீலப் பூஞ்சணமும் விடாது. சரக்குத் தட்டுப் பலகையைக் கழற்றிச் செய்வது செலவைக் குறைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையில் "HT" என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். "MB" என்றிருந்தால் மெத்தில் புரோமைட் என்ற நச்சுப் புகை ஏற்றியது, பிள்ளைகளிடம் கொண்டுவரக் கூடாது.

பிளாஸ்டிக்கின் பெரிய பலம் கழுவும் வசதி. சளியும் வயிற்றோட்டமும் ஒரு பிள்ளையிடமிருந்து எல்லாருக்கும் பரவும் இடத்தில், சட்டி பானையை மாலையில் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்திக் கழுவிக் கவிழ்த்து வைக்க முடிவது சின்ன விஷயமல்ல. 1990களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் வெட்டுப் பலகைகளைச் சோதித்தபோது, மரப் பலகையின் மேற்பரப்பில் விழுந்த கிருமிகள் விரைவில் குறைந்துபோவதைக் கண்டார்கள். ஈரத்தை மரம் உள்ளே இழுத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். மரம் அழுக்கைச் சேர்க்கும் என்ற பொதுவான பயத்துக்கு அது நல்ல பதில். ஆனாலும் பிள்ளை வாயில் வைக்கும் கரண்டியை நனைத்துக் கழுவத்தான் வேண்டும். நாளெல்லாம் மழை பெய்யும் ஆடி மாதத்தில் மரக்கரண்டி காய்வதில்லை.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் நல்ல வகை. 5 கொதிநீரையும் தாங்கும். 3 என்பது பி.வி.சி, அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் காரணமாக, வாயில் வைக்கும் வயதுக்கு அது ஏற்றதல்ல. 6 விறைப்பானது, சட்டென உடையும். தேர்த் திருவிழாக் கடையில் வலைப்பைக்குள் கட்டித் தொங்கும் சட்டி பானை செட்டில் எண்ணே இருக்காது. கரண்டி ஒன்றை எடுத்து மெல்ல வளைத்தால், மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். இரண்டாம் முறை வளைத்தால் அந்தக் கோட்டிலேயே முறிந்து, கத்திபோல் ஒரு விளிம்பு கையில் நிற்கும். பல பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு அதை வாங்குவது பணத்தை வீணாக்குவதோடு நிற்காது, காயத்தையும் விலைக்கு வாங்குவதுதான். வெயிலும் ஒரு காரணம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். வாசலிலேயே கிடக்கும் பிளாஸ்டிக் அடுப்படி நிறம் மங்கி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உடைந்ததைத் தோட்டத்தில் எரிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும் வாங்கும்போதே எண்ண வேண்டும்.

எந்தப் பொருளானாலும் வண்ணம் முக்கியம். இலங்கையில் 2013 முதல், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கான வண்ணத்தில் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பணிப்புரை. கதவு நிலைக்கு அடித்து மிஞ்சிய எனாமல் டின்னை எடுத்து அடுப்படிக்குப் பூசுவது தவறு. தேன்மெழுகோ அரக்கோ போதும். திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்கள் கடைசலில் சுழலும்போதே அரக்கு ஏற்றப்பட்டவை. அந்தச் சீமையிலிருந்தும் மக்கள் இந்த மலைகளுக்கு வந்திருக்கிறார்கள் என்பதால், சொப்பு இங்கே அந்நியப் பொருளல்ல. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் ஒரு கட்டுப்பாடு: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக இறங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது. சின்னஞ்சிறு சொப்புகள் பெரிய பிள்ளைகளுக்கு மட்டுமே. ஒலியும் ஒளியும் எழுப்பும் பிளாஸ்டிக் அடுப்பில் பொத்தான் பற்றரி இருந்தால் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

ஆகவே மலைநாட்டுக்குப் பொருந்துவது கலப்புதான்: அடுப்படியின் உடல் முழு மரம், கையில் எடுப்பதும் வாயில் போவதும் தடித்த பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர். தச்சு வேலை தெரிந்த பாஸ் ஒருவர் இரண்டு நாளில் செய்யக்கூடியது இது. மேடை உயரம் 50 சென்டிமீட்டர் அளவில். கால்களின் அடியில் இறப்பர் துண்டு வைத்துத் தரையிலிருந்து நான்கு விரல் தூக்கி. பின்பக்கம் பலகை அடைக்காமல் காற்றோட திறந்து. தொட்டிக்குக் குழி வெட்டி, கழற்றிக் கழுவும்படி ஒரு எவர்சில்வர் கிண்ணம். கதவுக்குப் பதில் துணித்திரை போட்டால் விரல் நசுங்காது, திரையைத் துவைக்கவும் முடியும்.

அடுப்பின் உருவத்தையும் பாஸிடமே சொல்லிச் செய்விக்கலாம். கடைப் பெட்டியில் வருவது மைக்ரோவேவும் பீட்சாத் துண்டும். லயத்துப் பிள்ளை வீட்டில் பார்ப்பது விறகடுப்பு, ரொட்டிக் கல், சம்பல் அரைக்கும் அம்மி, தேத்தண்ணிக் கேத்தல். மேடையில் மூன்று மரக்கட்டைகளை அடுப்புக்கல்லாகப் பதித்து, தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டை நாலைந்தும், சின்னச் சுளகும், ஒரு குட்டிக் கொழுந்துக் கூடையும் வைத்தால், தாயும் பாட்டியும் செய்வதை அப்படியே செய்துபார்க்கப் பிள்ளைக்கு வழி கிடைக்கும். சிரட்டையில் பூஞ்சணம் கண்டால் அடுப்பில் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம், காசு செலவில்லை.

அடுப்படியைச் சுவரோடு இரண்டு இரும்புப் பட்டியால் பிணைத்துவிட வேண்டும். ஏறி நிற்கும் பிள்ளை அதைத் தன்மேல் சாய்த்துக்கொள்ளாது. மரத்தை வாரம் ஒருமுறை பிழிந்த துணியால் துடைத்து, வெயில் அடிக்கும் ஜனவரி, பெப்ரவரிப் பகல்களில் பட்டியைக் கழற்றி வாசலில் ஒரு மணி நேரம் காயவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு தேய்க்க வேண்டும். உண்மையான அடுப்பு எரியும் அறையில் இதை வைக்கவே கூடாது. விளையாட்டு அடுப்பில் கை வைத்துப் பழகிய இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.