மனை தேடுவோம் – 6: ஐப்பசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

சென்ற வாரம் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்தோம். அது சுத்தமாக இருந்துவிட்டால் பலர் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பதிவான பத்திரங்களை மட்டும்தான் அந்தச் சான்று காட்டும். கார்த்திகையில் அந்த மனையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

என் தங்கைக்காகத் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு மனை பார்த்தோம். சித்திரை மாதம். தரை வெடித்துக் கிடந்தது. அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. டிடிசிபி அனுமதி, ரெரா பதிவு எண் எல்லாம் சரியாக இருந்தன. தங்கை அப்போதே சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று காலால் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் சொன்னார்: "இது ஏரிக்குத் தண்ணி போற வழி தம்பி. மழையில ஒருவாட்டி வந்து பாத்துட்டு வாங்குங்க."

ஐப்பசிக் கடைசியில் போனோம். எல்லைக் கற்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தங்கை வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து அடையாறாக வரும் வழியில்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. 2015 டிசம்பரில் அங்கே படகில் போய் மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம் வந்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் கதை வேறு. தென்சென்னை ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணை சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். சதுப்பு சுருங்கச் சுருங்க, தண்ணீர் தெருவில் தங்குகிறது. 2022இல் அந்தச் சதுப்புக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. அதற்குள் பெரும்பகுதியை இழந்துவிட்டோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆகவே பட்டாவோடு நிற்காதீர்கள். அ-பதிவேட்டில் உங்கள் புல எண்ணைப் பார்த்தால் அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று தெரியும். நஞ்சை என்றால் தண்ணீர் பாய்ந்த பூமி, பள்ளமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுற்றியுள்ள புல எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் உங்கள் மனைக்கும் அதில் பங்கு உண்டு. புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வைத்து வாய்க்கால் எந்தப் பக்கமாகப் போகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். தாங்கல், ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நீர்நிலையைக் குறிப்பவை. அங்கே இன்னும் கவனமாக விசாரியுங்கள்.

பிறகு இடத்தில் நில்லுங்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் பழைய வெள்ளக் கோடு தெரிகிறதா? புதிதாகக் கட்டியவர்கள் ஏன் கடைக்காலை நான்கடி உயர்த்தியிருக்கிறார்கள்? காலிமனைகளில் கோரையும் சம்பும் வளர்ந்திருந்தால், அங்கே தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது. சாலை மட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடும் தெருவில், பத்து வருடத்தில் வாசல் பள்ளமாகிவிடும்.

மண்ணைப் பார்க்க ஒரு வழிதான்: விற்பவரிடம் சொல்லி ஐந்தடி, ஆறடிக்குக் குழி தோண்டச் செய்யுங்கள். மேலே கிராவலும் கட்டட இடிபாடும், கீழே கறுப்புக் களிமண் என்று வந்தால் பள்ளத்தை மூடி விற்கிறார்கள். கொட்டிய மண்மேல் அஸ்திவாரம் நிற்காது. களிமண் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கிச் சுவரை வெடிக்க வைக்கும். பைல் போட வேண்டிவரும். மனை விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தப் பைலோடு மண்ணுக்குள் போய்விடும். வாங்குமுன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டிவிடுங்கள்.

வெயில் காலத்தில் மனை பிடித்துப்போனால், தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஐப்பசி, கார்த்திகை வரை பொறுங்கள். பலத்த மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். அன்றைக்கும் பிடித்திருந்தால் முன்பணம் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: தாய்ப்பத்திரம்)