அசீல் கோழியை வீட்டில் அடைவைத்து வளர்த்தல்

நம் கிராமங்களில் கோழி இல்லாத வீடு அரிது. ஜாதி சுத்தமான கோழி உள்ள வீடோ அதனினும் அரிது. சந்தையில் நல்ல விலை கிடைக்கிறதென்று வாட்டசாட்டமான சேவலை விற்றுவிட்டு, விலைபோகாத சோனிச் சேவலைப் பெட்டைகளோடு விட்டுவைப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. மணியை விற்றுப் பதரை விதைக்கு வைக்கும் குடியானவர் எவருமிலர். கோழி விஷயத்தில் மாத்திரம் அதையே செய்துவருகிறோம்.

அசீல் என்னும் அரபுச் சொல்லுக்குக் கலப்பற்றது என்பது பொருள். ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகிய பிரதேசங்கள் இக்கோழிக்குத் தாயகமாகும். நீண்ட கழுத்து, உறுதியான கால்கள், அகன்ற மார்பு, உடலோடு ஒட்டிய இறகுகள், பட்டாணி போன்ற சிறு கொண்டை ஆகியவை இதன் லக்ஷணங்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர் இக்கோழியைக் கொண்டுபோய்க் கலந்தே கார்னிஷ் என்ற ஜாதியை உண்டாக்கினர். இன்று உலகெங்கும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழிகளில் அந்தக் கார்னிஷின் இரத்தம் கலந்துள்ளது.

அசீல் பெட்டை இடும் முட்டைகள் சிலவே. ஆனால் அது தானே அடைகாத்து, குஞ்சுகளைக் காகம், பருந்து ஆகியவற்றினின்றும் காக்க வல்லது. முட்டைக்காகவே வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் போன்ற ஜாதிகளில் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. அவற்றோடு கலந்தால் அக்குணம் நம் கோழிகளிடமும் குன்றிவிடும். ஆகவே ஜாதி கெடும்போது அழகு மட்டும் கெடுவதில்லை. பொரிக்கும் யந்திரம் வாங்க இயலாத ஏழையின் கைமுதலே போய்விடுகிறது.

முட்டை சேர்க்கும் முறை: 6 முதல் 8 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். பெட்டை முன்பு வேறு சேவலோடு திரிந்திருந்தால், அதன் பீஜம் பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆதலால் அதைப் பிரித்து, தேர்ந்த சேவலோடு மூன்று வாரம் அடைத்துவைத்த பின்னர் இடும் முட்டைகளையே அடைக்கு எடுத்தல் வேண்டும். விரிசலும் கோணலும் இல்லாத முட்டைகளைக் கூரிய முனை கீழாகக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். ஏழு நாளுக்கு மேற்பட்டவை அடைக்கு உதவா.

அடைவைக்கும் முறை: அகன்ற கூடையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்பி, பேன் அணுகாதிருக்க வேப்பிலை இடுக. இரும்புத் துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அதனால் தீங்கில்லை, ஆனால் கூடையின் சுத்தமே குஞ்சைக் காப்பது. மாலை இருட்டியபின் 10 அல்லது 12 முட்டைகளோடு பெட்டையை அமர்த்துக. தீனியும் நீரும் அருகிலேயே இருத்தல் அவசியம். ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால், கரு உள்ளதில் சிலந்தியின் கால்கள்போல் செந்நரம்புகள் தோன்றும். ஒன்றும் தோன்றாமல் தெளிந்திருப்பது கருவற்றது, அதனை நீக்கிவிடலாம். 21ஆம் நாள் குஞ்சுகள் வெளிப்படும். ஓட்டை உடைத்து உதவப் புகுவது குஞ்சுக்கு ஆபத்து. முதல் நாள் குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவே அதற்கு ஆகாரமாதலால், தீனிக்கு அவசரமில்லை.

பின்பு நொய், இடித்த கம்பு அல்லது கேழ்வரகு, சுத்தமான நீர் ஆகியவை கொடுக்கலாம். பழம்பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் இட்டு மாலையில் தரையில் கவிழ்த்துவைத்தால் மறுநாள் கறையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதனினும் சிறந்த புஷ்டியான உணவு இல்லை. முதல் மாதம் இரவில் பஞ்சாரத்தால் மூடிவைக்கவும். அசீல் சேவற்குஞ்சுகள் இளமையிலேயே சண்டையிடும் இயல்பின. காயம் கண்டவுடன் அவற்றைப் பிரித்துவிடுக.

இவ்வளவும் தனி வீட்டார் செய்யத்தக்கவை. இனிச் சொல்லப்போவது தனி வீட்டாரால் ஆகாதது. வெள்ளைக் கழிச்சல் என்னும் வியாதி 1927இல் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே பெற்றது. மூச்சுத் திணறலும் பச்சையும் வெள்ளையுமான கழிச்சலும் கழுத்துத் திருகலும் இதன் குறிகள். கண்டபின் சிகிச்சை இல்லை. ஒரு வாரத்தில் ஊரையே காலியாக்கிவிடும். தடுப்பு மருந்து மாத்திரம் உண்டு. ஏழாம் நாள் லசோட்டா மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டும், எட்டாம் வாரம் ஆர்.2.பி. மருந்தைத் தோலடியில் ஊசியாகவும் இடல் வேண்டும்.

அம்மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கு உரியதாகவே கிடைக்கும். கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் செலவிடாவிட்டால் வீணாகும். பத்துக் குஞ்சு உடையவர் ஒரு குப்பியை உடைக்க மனம் வராமல் விட்டுவிடுகிறார், குஞ்சுகள் மடிகின்றன. பத்து அங்கத்தினர் ஒரே வாரத்தில் அடைவைத்தாலோ, நூறுக்கு அணித்தான குஞ்சுகள் ஒரே நாளில் மருந்து பெறும். முந்தி அடைக்கு வந்த பெட்டையைச் சில நாள் போலி முட்டையின்மேல் அமர்த்தி நிறுத்திவைக்கலாம்.

சேவல் விஷயமும் இத்தகையதே. ஒரே வீட்டில் உடன்பிறந்தவை தலைமுறைதோறும் இணைந்தால் முட்டை பொரிப்பது குறைந்து, குஞ்சும் நலியும். சங்கத்தில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, ஆண்டுதோறும் ஒரு வீட்டுச் சேவலை மற்றொரு வீட்டுக்கு மாற்றிவரின் இக்குறை நேராது. வெளியூரிலிருந்து விலைகொடுத்து வாங்கவேண்டியதும் இராது.

அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டே தீர்மானங்கள் செய்துகொள்வார்களாக: ஒன்று, அடைவைக்கும் வாரத்தைக் குறித்தல், மற்றொன்று, ஊரின் சிறந்த சேவல்களைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தல்.