சோற்றைக் குறைத்தால் மட்டும் போதுமா?

வெயிங் மெஷினில் ஏறி நிற்கிறீர்கள். போன மாதத்தைவிட முள் இரண்டு கிலோ கீழே இறங்கியிருக்கிறது. சந்தோஷமாகத்தானே இருக்கும்? ஆனால் குறைந்தது கொழுப்பா, சதையா என்று ஒரு தரமாவது யோசித்திருக்கிறீர்களா? யோசிக்க வேண்டிய நானே யோசிக்காமல் விட்ட கதை ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

பாபநாசம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். வயது நாற்பத்தெட்டு. எடை 78 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மூன்று வேளையும் அரிசிதான். காலையில் இட்லி அல்லது பழையது, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசிக்குக் குறையாது. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். "சோத்தைப் பாதியாக் குறைச்சிடுங்கம்மா. எடை தானா இறங்கும்" என்று சொல்லி அனுப்பி விட்டேன்.

நாலு மாதம் கழித்து வந்தார்கள். 70 கிலோ! "பலே!" என்று பாராட்டினேன். அந்த அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. "எடை குறைஞ்சுது டாக்டர். ஆனா கொல்லையில பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. என் பையன் கை குடுத்துத் தூக்கி விட வேண்டியிருக்கு. தலைமுடியும் கொத்துக் கொத்தாக் கொட்டுது" என்றார்கள். தொடையைப் பிடித்துப் பார்த்தேன், தொளதொளவென்று இருந்தது. வயிறு என்னவோ பெரிதாக இளைக்கவில்லை. நான் சொன்னதை அவர்கள் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார்கள். தப்பு என் பேரில்தான்.

சோற்றிலும் புரதம் உண்டு

"அரிசி என்றால் வெறும் மாவு" என்று நாம் நினைக்கிறோம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருப்பது உண்மைதான். ஆனால் 7, 8 கிராம் புரதமும் அதில் இருக்கிறது. தினம் 400 கிராம் அரிசி சாப்பிட்ட அந்த அம்மாவுக்கு அதிலிருந்தே 30 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்து வந்தது. பருப்பு என்று பார்த்தால் தண்ணீர் சாம்பாரில் மிதப்பதுதான், பால் என்று பார்த்தால் காபிக்கு விடுவதுதான். ஆக, அவர்கள் உடம்புக்குச் சேர்ந்த புரதத்தில் பெரும் பங்கு சோற்றிலிருந்தே வந்தது! சோற்றைப் பாதியாக்கியபோது அதுவும் பாதியாகி விட்டது. மொத்தமாகக் கூட்டினால் ஒரு நாளைக்கு 30 கிராம்கூடத் தேறவில்லை.

எவ்வளவு வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 70 கிலோ எடைக்கு 58 கிராம். பாதிதான் கிடைத்தால் உடம்பு என்ன செய்யும்? பற்றாக்குறைக்குச் சொந்தச் சதையையே கரைக்கும். மெஷினில் முள் இறங்கத்தான் செய்யும். ஆனால் சதை போன உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரியும் குறைந்து போகும். பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் எடை திரும்பி வரும். அப்படி வருவதில் கொழுப்புதான் அதிகம்.

எங்கள் சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகச் சொல்கிறது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். உண்ட உணவு முதலில் சாரமாகி, பிறகு ஒவ்வொரு தாதுவாகப் போய்ச் சேருகிறது என்பது பாடம். ஊன் வேறு, கொழுப்பு வேறு என்று கல்லூரியில் முதல் வருஷத்திலேயே படித்தவன் நான். படித்தது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

குன்னூர் எலிகள் சொன்ன சேதி

இது இன்றைக்கு நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1920-களில் அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் சாப்பாட்டில் கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி. அதைத் தின்ற எலிகள் சராசரி 235 கிராம் வளர்ந்தன. நம் மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள்? 155 கிராம்தான். கடைசி இடம் நமக்கு! கழுவிக் கழுவிச் சத்தைப் போக்கிய வெள்ளை அரிசி, கொஞ்சம் பருப்பு, காய், பெயருக்கு மோர்... காபிகூட உண்டாம் அந்த மெனுவில்.

எலியை வைத்து மனிதனை முழுக்க எடை போடக் கூடாதுதான். ஆனாலும் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்குப் பிறகும் தட்டு பெரிதாக மாறவில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருவது தெரிந்தது (2025). அதே ஆய்வு 2023-ல் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. மாவுச்சத்தை 50, 55 பங்குக்கு இறக்கி, புரதத்தை 20 பங்கை ஒட்டிக் கொண்டு வந்தால் நல்லது என்பது அந்த டாக்டர்கள் போட்ட கணக்கு.

வயல் செய்கிறது, தட்டு செய்யவில்லை

எனக்கு ஓர் ஆதங்கம். நம் டெல்டா வயலுக்கு இந்தச் சமநிலை தெரியும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். மிச்ச ஈரத்திலேயே அது விளைந்து விடும். இதற்கென்றே 1922-ல் ஏற்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 3' என்று உளுந்து ரகம் கொடுத்தது. (அறுவடை மெஷின் சக்கரத்தில் முளை நசுங்கிப் போவதால் பல ஊரில் தெளிப்பதையே விட்டு விட்டார்கள் என்பது வேறு வருத்தம்.) நெல்லுக்குப் பின்னால் பயறு என்று மண்ணுக்குக் கொடுக்கிற நாம், வயிற்றுக்கு நெல்லை மட்டுமே கொடுக்கிறோம். பயறை மூட்டை கட்டி விற்று விடுகிறோம்.

இன்னொன்று. அந்த மலை மலையான சோறு, நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கதிர் அறுத்த உடம்புக்கு ஏற்பட்டது. இன்றைக்கு நடவுக்கு மெஷின், அறுவடைக்கு மெஷின். சோறு மட்டும் அதே அளவில் இருக்கிறது!

சரி, என்ன சாப்பிடலாம்?

அந்த அம்மாவுக்கு நான் மாற்றிக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். அரிசி நாள் முழுக்க 200 கிராம், இட்லி மாவுக்குப் போட்டதையும் சேர்த்து. அதில் புரதம் 16 கிராம். சாம்பாரில் கரைந்து போகாமல் கெட்டியாக 50 கிராம் பருப்பு, 11 கிராம். முட்டை இரண்டு, 12 கிராம். பாலும் தயிருமாக 300 மில்லி, 9 கிராம். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் 50 கிராம் கடலையில் சுண்டல், 10 கிராம். ஒரு சின்னப் பிடி வேர்க்கடலை, 5 கிராம். கூட்டிப் பாருங்கள், அறுபதைத் தாண்டி விடுகிறது. மீன் வாங்குகிற நாளில் 100 கிராம் மீனில் 18 கிராம் வந்து விடும். முட்டை தொடாத வீட்டில் அதற்கு ஈடாகக் காலையில் பாசிப்பருப்பு அடை இரண்டு போடுங்கள். அரிசிப் புரதத்தில் குறைகிற லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுசு. அதனால் சோற்றை ஒரேயடியாக விரட்டாதீர்கள்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்கிறார்களே, கொள்ளுக் கஞ்சி குடித்தாலே கொழுப்பு கரையுமா என்று கேட்பீர்கள். மந்திரம் எதுவும் இல்லை. அதிலும் நிறையப் புரதம், நார்ச்சத்து. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சோறு தானாகக் குறையும்.

எண்ணெய்க்கு வருவோம். மாவும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 45 கலோரி. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஆளுக்கு நாலு டீஸ்பூன் போதும். அடியோடு நிறுத்தவும் வேண்டாம். "திருவையாறு அசோகா பாசிப்பருப்பில்தானே பண்றாங்க, சாப்பிடலாமா?" என்று ஒருவர் கேட்டார். பருப்பு இருக்கட்டும் ஐயா, அதோடு வருகிற சர்க்கரையையும் நெய்யையும் யார் கணக்கில் எழுதுவது?

எவ்வளவு புரதம் சாப்பிட்டாலும் வேலை கொடுக்காத சதை வளராது. அந்த அம்மாவுக்கு நாற்காலியைக் காட்டினேன். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. முதல் வாரம் ஆறுக்கு மேல் முடியவில்லை. பிறகு இரண்டு கையிலும் பாதி குடம் தண்ணீர் தூக்கிக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடை. வாரத்தில் மூன்று நாள் இப்படி இருந்தால் போதும். நடைப்பயிற்சி தனி.

ஜிம்முக்குப் போகிற அவர்கள் மகன் பெரிய டப்பாவில் புரோட்டீன் பவுடர் வைத்திருந்தான். "அம்மாவுக்கும் கலக்கிக் கொடுக்கவா?" என்றான். வேண்டாம் என்றேன். 2024-ல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டியும் அந்தப் பவுடர்கள் தேவையில்லை என்றுதான் சொல்கிறது. எடை தூக்கிப் பயிற்சி செய்கிற பையன்களுக்குக் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை புரதம் போகலாம். அதையும் முட்டை, பயறு, தயிரிலேயே எட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகவே ஆரம்பிக்கக் கூடாது. நெடுநாள் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்த்துக் கொண்டு, உங்கள் டாக்டரைக் கேட்டு விட்டுச் செய்யுங்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார்கள். 68 கிலோ. "ரெண்டு கிலோதானே டாக்டர் குறைஞ்சிருக்கு?" என்று குறைப்பட்டார்கள். டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினேன். 98 சென்டிமீட்டர் இருந்தது 91 ஆகியிருந்தது. பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும், இன்னும் தூரம் இருக்கிறது. "கீழே உட்காருங்கம்மா" என்றேன். உட்கார்ந்தார்கள். மகன் வழக்கம்போல் கையை நீட்டினான். "சும்மா இருடா" என்று தட்டி விட்டு எழுந்து நின்றார்கள்.