அன்பு மட்டும் போதுமா?

நம் வீடுகளில் ஒருவர் நோயாகப் படுத்துவிட்டால் அன்புக்கு ஒருபோதும் குறைவு ஏற்படுவதில்லை. பாட்டி திருஷ்டி கழிக்கிறாள். அத்தை மிளகு ரசம் வைக்கிறாள். அடுத்த வீட்டார் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரவெல்லாம் கண்விழிக்க ஆள் இருக்கிறது. கண்ணீர் விடவும் ஆள் இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் அழைத்துப் போனதும் அவர், "ஜுரம் என்றைக்கு ஆரம்பித்தது? நேற்றிரவு எத்தனை டிகிரி? கடைசியாக மருந்து கொடுத்தது எத்தனை மணிக்கு?" என்று கேட்டால், கூடப் போன மூன்று பேரும் மூன்று விதமாகப் பதில் சொல்லுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அன்புக் குறைவு அன்று. நோயாளிக்குச் சிசுருஷை செய்வது ஒரு வித்தை, அதையும் கற்றுத்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இல்லாததே காரணம்.

முன்னோர் சொன்ன நான்கு

இந்த எண்ணம் நம் முன்னோருக்கு இருந்தது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்கு அங்கங்களாகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லுகிறது. அதோடு நில்லாமல், பணிவிடை செய்பவருக்கு வேண்டிய குணங்களையும் எண்ணிக் காட்டுகிறது. உபசார முறைகளை அறிந்திருத்தல், கைத்திறமை, நோயாளியிடம் அன்பு, சுத்தம் என்பவை அவை. அன்பு நான்கில் ஒன்றுதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் ஈடுகட்டிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம்.

புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றியும் நமக்கு இப்படியே பாதிதான் தெரியும். 1854-ஆம் வருஷத்தில் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் கையில் விளக்குடன் சென்ற கருணைத் தெய்வமாகவே அவரை நினைக்கிறோம். அவர் மற்றொரு கையில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார் என்றே சொல்லலாம். யுத்தத்தில் பட்ட காயத்தால் இறந்தவர்களைவிட, வியாதியால் இறந்தவர்கள் மிக அதிகம் என்பதைக் கணக்கெடுத்து நிரூபித்தவர் அவர். 1858-இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. 1859-இல் அவர் வெளியிட்ட சிசுருஷை பற்றிய புத்தகம், வீட்டில் பிறர் நலத்தைக் கவனிக்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டது.

நமது மகாத்மாவும் இந்தப் பணியைக் கைப்படச் செய்தவர்தாம். தென்னாப்பிரிக்காவில் பார்ஸி ருஸ்தம்ஜியின் தர்மத்தால் நடந்த ஒரு சிறு ஆஸ்பத்திரியில் அவர் தினந்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் ஊழியம் செய்தார். நோயாளியின் உபாதைகளைக் கேட்டறிவதும், அவற்றை டாக்டரிடம் எடுத்துச் சொல்வதும், டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுப்பதுமே அந்த ஊழியம் என்று அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அங்கே வந்தவர்களில் பலர் நம் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஏழைகள். 1899-இல் போயர் யுத்தம் மூண்டபோது ஆம்புலன்ஸ் படை திரட்டிக் காயம்பட்டவர்களைச் சுமக்க அவருக்கு இந்தப் பழக்கமே துணை செய்தது.

கேட்டறிதல், எடுத்துச் சொல்லுதல், மருந்து கொடுத்தல் ஆகிய இம்மூன்றும் ஒவ்வொரு வீட்டாரும் கற்கக்கூடியவை.

கண்ணும் கடிகாரமும்

முதலில் பார்க்கத் தெரிய வேண்டும். "உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது" என்பது கவிதை. "மாலை 6 மணிக்கு 102 டிகிரி" என்பது செய்தி. வைத்தியருக்குச் செய்திதான் உபயோகப்படும். பாரன்ஹீட் அளவில் 100.4 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் ஜுரம் என்று கொள்ளலாம். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு இந்த அளவு ஜுரம் கண்டாலே காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாடித் துடிப்பு, ஓய்வாயிருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். சுவாசம் 12 முதல் 20 வரை. இவற்றில் சுவாசத்தைத்தான் வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. குழந்தைகள் விஷயத்தில் அது மிக முக்கியம். சளியும் இருமலும் உள்ள குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60-உம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-உம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம், அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான சுவாசம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால் அபாயம் இன்னும் அதிகம். இவை நிமோனியாவின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். கடிகாரத்தைத் தவிர வேறு கருவி இதற்கு வேண்டியதில்லை.

எண்ணுக்கு அகப்படாதவற்றையும் கவனிக்க வேண்டும். நோயாளி தெளிவாகப் பேசுகிறாரா? தண்ணீர் எவ்வளவு குடித்தார்? சிறுநீர் கழித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? உதட்டின் நிறம் என்ன? படுத்த படுக்கையாய் இருப்பவரின் முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா? சிவந்த இடமே பிற்பாடு படுக்கைப் புண்ணாகிறது. வைத்தியர் வேறு விதமாகச் சொன்னாலொழிய, இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

ஜுரம் இறங்கியதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணிவிடுவது நம் வழக்கம். டெங்கு ஜுரத்தில் இது நேர்மாறு. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் ஜுரம் தணிகிற சமயமே அதில் ஆபத்தான சமயம். வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில் கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுகடந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரோபன் ஆகியவற்றைக் கொடுக்கவும் கூடாது. அவை ரத்தப் போக்கை அதிகப்படுத்தக்கூடும்.

ஒரு காகிதமும் பென்சிலும்

பார்த்ததை உடனே எழுதி வைக்க வேண்டும். பால்கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்த குடும்பத்துக்கு இது பெரிய காரியம் அன்று. ஒரு காகிதத்தில் கோடு போட்டு, மணி, உஷ்ணம், நாடி, சுவாசம், குடித்தது, கழித்தது, கொடுத்த மருந்து என்று எழுதிவந்தால் போதும். நள்ளிரவில் தாயார் தூங்கப் போக, மகன் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு அந்தக் காகிதமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். "மருந்து கொடுத்தாயிற்றா?" என்ற கேள்விக்கு ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்லுகிற வீட்டில் ஒரே வேளை மருந்து இரண்டு தரம் உள்ளே போகிறது, அல்லது ஒரு தரமும் போகாமல் நின்றுவிடுகிறது.

ஐந்து கேள்விகள்

மருந்து கொடுக்குமுன் பயிற்சி பெற்ற நர்ஸ் தன்னைத்தானே ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்கிறாள். சரியான ஆளா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான நேரமா? சரியான வழியா? அதாவது, வாயால் கொடுப்பதா, கண்ணில் விடுவதா, தோலில் தடவுவதா என்பது கடைசிக் கேள்வி. கொடுத்தபின் எழுதிவிடுகிறாள். புட்டியை எடுக்கும்போதும், அளக்கும்போதும், திரும்ப வைக்கும்போதும் என மூன்று தடவை பெயரைப் படிக்கிறாள். இது வெறும் சடங்கு அன்று என்பதற்குச் சில உதாரணங்கள் காட்டுவோம்.

எல்லா வீட்டிலும் உள்ள பாரஸிடமாலையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கடைகளில் குழந்தைகளுக்கான இம்மருந்து பல பலங்களில் விற்கிறது. ஒரு 'ஸிரப்'பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிக்கு 100 மில்லிகிராம். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்குரிய அளவு. ஆகவே 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. முதல் 'ஸிரப்'பில் அது 6 மில்லி. இரண்டாவதில் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். "குழந்தை மருந்துதானே!" என்று சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்துவிட்டால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பெயர் ஒன்று, ஆனால் அளவோ மூன்று மடங்குக்கு மேல். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாரஸிடமால் கலந்திருப்பதால், ஜுர மாத்திரையையும் சளி மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறவரும் அறியாமலே இரட்டை அளவு விழுங்குகிறார். அளவு மீறினால் கெடுவது கல்லீரல்.

அளப்பதற்கு அடுக்களைக் கரண்டி உதவாது. தேக்கரண்டி என்றால் மருந்துக் கணக்கில் 5 மில்லி. மேஜைக்கரண்டி 15 மில்லி. நம் வீட்டுக் கரண்டிகளோ எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டவை அல்ல. புட்டியுடன் வரும் மூடியையோ அளவு குழாயையோதான் உபயோகிக்க வேண்டும்.

இன்சுலின் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டியும், 100 யூனிட் உள்ளதும் நம் நாட்டில் விற்கின்றன. இரண்டுக்கும் ஊசிக் குழாய் வேறு வேறு. 40-க்கு உரிய குழாயில் 100 பலமுள்ள இன்சுலினை '20' என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட்! ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அப்போது வியர்வையும் நடுக்கமும் கண்டால், நினைவு இருக்கும்வரையில் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்கலாம். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

நேரம் தவறுவதும் ஆபத்தே. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே உலை வைக்கும். "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று கிழமையைக் குறித்துப் பெட்டியின் மேல் ஒட்டுவது உயிர்காக்கும் வேலை.

இன்னும் சில விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மருந்தைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுக. பெயருடன் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துக்கள் உள்ள மாத்திரைகள் மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. டாக்டரைக் கேளாமல் அவற்றைப் பொடி செய்யலாகாது. ஒரு வேளை தவறினால் மறுவேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கலாகாது. முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், டாக்டர் கேட்குமுன் நாமே சொல்ல வேண்டும். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவருக்குக் கொடுப்பது உபகாரமும் அன்று, சிக்கனமும் அன்று.

சென்னை உலகுக்குக் காட்டியது

இவ்வளவும் ஆஸ்பத்திரியில்தான் சாத்தியம், சாதாரணக் குடும்பங்களில் நடவாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குச் சென்னைப் பட்டணமே பதில் சொல்லியிருக்கிறது. க்ஷயரோகிகளை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியிருந்தது. 1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. அங்கே நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு நெருக்கடி மிகுந்த அவர்களுடைய ஏழை வீடுகளிலுமே ஒரு வருஷம் அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து தவறாமல் உள்ளே போக வேண்டும். நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்ற முறை இந்த அநுபவத்திலிருந்து வளர்ந்து, பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. ஏழையின் குடிசையும் ஆஸ்பத்திரியாகலாம்; அருகிலிருப்பவர் கணக்காக இருந்தால்!

இந்தக் கணக்கைத் தொழிலாகவே ஏற்றுக்கொண்டவர்கள் நமது நர்ஸுகள். வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் தாதிகளுக்கு ஒரு பள்ளியை ஆரம்பித்தார். அங்கேயே 1946-இல் அது பட்டப் படிப்பாக உயர்ந்தது. அவ்வளவு படித்து வரும் பெண்ணை, "ஏய் நர்ஸ்!" என்று கூப்பிடுகிற வழக்கம் நம்மில் இன்னும் ஒழியவில்லை. டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள், இரவு மூன்று மணிக்கு நோயாளியின் மூச்சை எண்ணியவளின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. நால்வகை அங்கங்களில் ஒன்றை அவமதித்துவிட்டு மற்ற மூன்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என்ன நியாயம்?

இது பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்குவதற்கும் இடமில்லை. காந்தி அடிகள் செய்த வேலையைச் செய்ய எந்த ஆண்பிள்ளையும் வெட்கப்பட வேண்டியதில்லை. பத்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் நாடி எண்ணவும், உஷ்ணமானி படிக்கவும், மருந்துப் புட்டியின் மேலுள்ள எழுத்தை மூன்று தடவை வாசிக்கவும் கற்றுக் கொடுக்கலாம். வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே அதற்கு உகந்த நாள்.