பட்டப்பகலில் எதற்கு விளக்கு?

2017-இல் புதிய பைக் வாங்கிய நம் கொல்லயில் பகுதி அன்பர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. எதிரே வருகிறவர்களெல்லாம் கைவிரல்களைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று சைகை காட்டுவார்கள். அணைக்கலாம் என்றால் சுவிட்சே கிடையாது. பேட்டரி வீணாகிறதே என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அது பழுதல்ல, சட்டம். உச்ச நீதிமன்றம் அமைத்த, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு இதைப் பரிந்துரைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில், என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. என்ஜின் ஓடும்போது மின்சாரமும் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதால் பேட்டரிக் கவலை வேண்டாம்.

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. பைக்கின் முகப்பு காரில் பாதி அகலம்கூட இராது. நேர் எதிரே வரும் சிறிய உருவம் தூரத்தில் இருக்கும்வரை பெரிதாகி வருவதே தெரியாது; கிட்டே வந்தபின்தான் சட்டென்று பெருக்கும். ஆகவே பார்த்தவர்கூட, "தூரத்தில்தானே வருகிறான்" என்று தப்புக் கணக்குப் போடுகிறார். உதியன்குளங்கரையில் உள்சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறி வலப்புறம் திரும்பும் ஜீப்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் யோசிக்கும் ஒரு நொடியில், 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஏறத்தாழ 17 மீட்டர் நெருங்கிவிடும். போதாக்குறைக்கு, நம் உள்சாலைகளில் ரப்பர் மர நிழலும் வெயிலும் மாறி மாறி விழுகின்றன. கறுப்பு பைக்கும் கறுப்புச் சட்டையும் அதில் கரைந்தே போகும். இடவப்பாதி மழையைச் சொல்லவே வேண்டாம்.

மலேசியாவில் உறவினர் உள்ளவர்களுக்கு இது பழைய செய்தி. அங்கே 1992-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளில் ராடின் உமார் முதலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, பைக் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தன.

ஐரோப்பாவில் 2011 முதல் புதிய கார்களுக்கும் பகல் விளக்கு வந்துவிட்டது. எல்லாமே மின்னினால் பைக்கின் விளக்கு தனித்துத் தெரியுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது, நியாயமான கேள்விதான். தவிர, விளக்கு பைக்கைக் காட்டுமே ஒழிய அதன் வேகத்தைச் சரியாகக் காட்டாது.

2017-க்கு முந்தைய பைக் வைத்திருப்பவர்கள், பகலிலும் 'டிம்' போட்டே ஓட்டுங்கள். 'பிரைட்' வேண்டாம், எதிரே வருகிறவர் கண் கூசினால் வந்த பயனும் போய்விடும். யாராவது விரலை விரித்துக் காட்டினால், சிரித்துவிட்டுப் போங்கள்.