காற்றுத் தூரிகை கற்றுத்தரும் வண்ணங்கள்

தருமபுரி நகரில் நின்று வத்தல்மலையை நோக்கினால் அது நீல நிறமாகத் தோன்றும். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் பயணம் செய்து, வளைந்து வளைந்து செல்லும் பாதையில் மேலே ஏறிப் பார்த்தால், அந்த நீலத்தை எங்குமே காணோம். காப்பிச் செடியின் கரும்பச்சை, சில்வர் ஓக் இலையின் வெள்ளி பூத்த அடிப்புறம், சாமைக் கொல்லையின் வெளிர்பச்சை, வெட்டிப் போட்ட செம்மண் என்று வேறு வேறு நிறங்களே கண்ணில் படுகின்றன. ஆனால் அங்கிருந்து திரும்பிப் பார்த்தாலோ, எதிரே தெரியும் மலைகள் இப்போது நீலமாக இருக்கின்றன!

நம் மாணவியர் ஓவியப் போட்டிகளில் வரைந்து தரும் இயற்கைக் காட்சிகளில் இந்த நீலம் சரியாக அமைவதே இல்லை. இரண்டு முக்கோண மலைகள், இடையே பாதிச் சூரியன், கோட்டுக்குள் அழுந்தப் பூசிய நீலம். மலை தொலைவில் நிற்காமல் தாளின் மேல் ஒட்டிவைத்தது போல் நின்றுவிடும். குறை மாணவியரின் கையில் இல்லை. வண்ணம் தாளில் எப்படிப் படிகிறது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். அதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டித் தரும் ஒரு கருவியே கடைகளில் ஏர்பிரஷ் என்று விற்கப்படும் காற்றுத் தூரிகை. அதைப் பொழுதுபோக்காகப் பழகுவது எப்படி, அது நமக்கு எதைக் கற்றுத் தருகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

இதன் எளிய வடிவம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. தாளின் மீது இலைகளைப் பரப்பி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்து, சீப்பின் பற்களில் தேய்த்துத் தூவுவோம். இலையை எடுத்தால் அதன் வடிவம் வெள்ளையாய் நிற்கும். உண்மையில் இஃது மனிதகுலத்தின் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் கையை வைத்து, அதைச் சுற்றி வண்ணத்தை ஊதிப் பதித்த கைவடிவம் ஒன்று உள்ளது. அது குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். வாயால் ஊதிய அந்தக் காற்றைத்தான் இன்று இயந்திரம் ஊதுகிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் 1879ஆம் ஆண்டு வண்ணம் தெளிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஒரு கரண்டியும், தையல் இயந்திர ஊசியும், மரக்கட்டைகளும், வளைத்த திருப்புளியுமே அதன் உறுப்புகள்! பின்னர் சார்லஸ் பர்டிக் என்னும் நீர்வண்ண ஓவியர் 1890களில் அதை இன்று நாம் காணும் பேனா வடிவுக்குக் கொண்டுவந்தார். முன்பு பூசிய வண்ணம் கலையாமல் அதன்மேல் அடுத்த வண்ணத்தைப் படியவைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். மயிர்த் தூரிகை தாளைத் தொடுகிறது. தொட்டால் அடியில் உள்ளது கரையும். காற்றுத் தூரிகையோ தாளைத் தொடுவதே இல்லை.

அது இயங்கும் விதத்தை அறிய விரும்புவோர், முன்பு வீடுகளில் இருந்த கொசு மருந்து அடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளலாம். வேகமாக ஓடும் காற்று தன்னருகே அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் கிண்ணத்தில் உள்ள வண்ணம் இழுக்கப்பட்டு, ஊசிமுனையில் நுண்துளிகளாகச் சிதறி வெளியே வருகிறது. பேனா வடிவக் கருவியின் நடுவே நீண்ட ஊசி ஒன்றும், முனையில் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை துளையுள்ள ஒரு மூக்கும் இருக்கும். மேலே உள்ள விசையை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் வண்ணம் வரும். இவ்வாறு இரண்டு வேலையும் செய்யும் விசையுள்ள கருவியே பழகுவதற்கு ஏற்றது. முதல் சில நாள் விரல் குழம்பினாலும் பின்பு அதுவே சுகமாக இருக்கும். காற்றுக்கு ஒரு சிறிய கம்பிரஸர் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 பவுண்டு அழுத்தம் போதுமானது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தெளிக்கும் வண்ணம் தாளோடு நிற்பதில்லை. காற்றில் மிதந்து நுரையீரலுக்கும் போகும். ஆகவே நீரில் கரையும் வண்ணம் மட்டுமே வேண்டும். தின்னர் கலக்கும் பெயிண்ட் கூடாது. காட்மியம் என்று குப்பியில் எழுதியிருந்தால் அதைத் தெளிக்கவே கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும். தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடி அணிய வேண்டும். கைக்குட்டை கட்டுவது போதாது. இவற்றை ஏற்பாடு செய்ய இயலாத வீட்டில் பல்துலக்கும் பிரஷ்ஷும் சீப்புமே இருக்கட்டும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதியை அவற்றைக் கொண்டே செய்துவிடலாம்.

பயிற்சிக்கு வண்ணம் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. பேனா மையும் பழைய செய்தித்தாளும் போதும். மை நீர்த்தது, மூக்கை அடைக்காது. முதலில் புள்ளிகள். வரிசையாக ஒரே அளவில் நூறு புள்ளிகள் வைத்துப் பாருங்கள். எழுதப் பழகும் குழந்தை போலவே கை நடுங்கும். பிறகு கோடுகள். கோடு போடும்போது கை முதலில் நகரத் தொடங்க வேண்டும், அதன் பிறகே வண்ணம் வர வேண்டும். முடிக்கும்போது வண்ணம் நின்ற பிறகும் கை சற்று நகர வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் கோட்டின் இரு முனையிலும் குண்டுகுண்டாக மை நிற்கும். தாளுக்கு மிக நெருங்கிச் சென்று விசையை அதிகம் இழுத்தால், மை சிலந்திக்கால் போல நாலாபுறமும் ஓடும். தூரத்தில் பிடித்தால் பனி போலப் படரும். நெருக்கமும் தூரமும், விசையின் இழுப்பும், கையின் வேகமும் ஆகிய மூன்றும் பழகிவிட்டால் பாதிக் கலை கைவந்ததாகக் கொள்ளலாம்.

அடுத்து ஓர் உருண்டை. வத்தல்மலையில் காய்க்கும் காப்பிப் பழமே இதற்கு நல்ல மாதிரி. பழைய எக்ஸ்ரே படத்தில் வட்டமாக ஒரு துளை வெட்டித் தாளின்மேல் வைத்து, துளையின் ஒரு விளிம்பை ஒட்டி மெல்ல மெல்லத் தெளிக்க வேண்டும். ஒரே முறையில் இருட்டாக்கிவிட நினைக்காமல், காயவிட்டுக் காயவிட்டு ஆறேழு முறை தெளித்தால் தட்டையான வட்டம் திரண்ட கனியாக எழும்பிவரும். மஞ்சளை முழுவதும் தெளித்து, அது காய்ந்த பின் ஒரு பக்கம் மட்டும் சிவப்பைத் தெளித்தால், பாதி பழுத்த கனியைக் காண்பீர்கள். இரண்டும் சேருமிடத்தில் தோன்றும் ஆரஞ்சு நிறத்தை நாம் கலக்கவே இல்லை. மஞ்சளின் மேல் சிவப்பு கண்ணாடித்தாள் போல் படிந்ததால் அது தானே உண்டாயிற்று.

காற்றுத் தூரிகையில் வண்ணக் கலவை பெரும்பாலும் கிண்ணத்தில் நிகழாமல் தாளின்மேலேயே நிகழ்கிறது. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மஞ்சள், செங்கருஞ்சிவப்பு, பசுநீலம், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகளே எல்லா நிறங்களையும் உண்டாக்குவது தெரியும். ஆனால் ஓவியக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. எல்லா நீலமும் ஒன்றல்ல. பிரஷ்யன் நீலம் பச்சையின் பக்கம் சாய்ந்தது. மஞ்சளோடு சேர்ந்தால் தளிர் போன்ற பச்சை தரும். அல்ட்ராமரீன் நீலம் ஊதாவின் பக்கம் சாய்ந்தது. மஞ்சளோடு சேர்ந்தால் மங்கிய பச்சையே வரும். மங்கிய பச்சை தவறு என்பதில்லை. நம் மலைக்காடுகளுக்கு அதுவே பொருத்தம்.

அல்ட்ராமரீனைப் பற்றி ஒரு சொல். மேல்நாட்டு ஓவியங்களில் தேவமாதாவின் மேலாடைக்குத் தீட்டிய நீலம் இதுவே. ஆப்கானிஸ்தானத்தில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்னும் கல்லை அரைத்துச் செய்ததால் மிகுந்த விலையுடையதாக இருந்தது. அதைச் செயற்கையாகச் செய்து காட்டியதற்காக கிமே என்னும் பிரெஞ்சுக்காரர் 1828இல் பரிசு பெற்றார். அதன் பிறகு அந்த விலையுயர்ந்த நீலம் துணிக்கு நீலம் போடும் தூளாகவும் சலவைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது!

இனி நீல மலைக்குத் திரும்புவோம். மலைக்கும் நமக்கும் இடையே உள்ள காற்று, ஒளியைச் சிதறச் செய்கிறது. நீல ஒளியே மிகுதியாகச் சிதறுவதால், இருண்ட மலையின் மீது நீலத்திரை விரித்தாற்போல் தோன்றுகிறது. விறகடுப்புப் புகை இருண்ட மரங்களுக்கு முன்னே நீலமாகத் தெரிவதையும், தண்ணீர் மிகுந்த பால் நீலம் பாரித்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். காரணம் ஒன்றே. வியப்பு என்னவென்றால், காற்றுத் தூரிகையால் கறுப்புத் தாளின்மீது வெள்ளையை மிக மெல்லியதாகத் தெளித்தாலும் அது நீலமாகவே தெரியும். கிண்ணத்தில் துளி நீலமும் இராது. இதை ஒருமுறை செய்துபார்த்தவர் மறக்கமாட்டார்.

மலைத்தொடரை வரைய எளிய முறை ஒன்று உண்டு. செய்தித்தாளை மலைமுகடு போலக் கோணல்மாணலாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கிழித்த தாளால் வானத்தை மறைத்து, அதன் கீழ்விளிம்பை ஒட்டி மிக நீர்த்த நீலத்தைத் தெளியுங்கள். முகடு தெளிவாகவும் அடிவாரம் பனியில் கரைந்தாற்போலவும் வரும். பிறகு தாளைச் சற்றுக் கீழே இறக்கி, வேறு வளைவில் வைத்து, சிறிது பச்சை கலந்து, முன்னதைவிட அடர்த்தியாகத் தெளிக்க வேண்டும். கீழே வர வர நீலம் குறைந்து பச்சையும் காவியும் மிகட்டும். நான்கு முறை இறக்கினால், பெரியூர்ப் பக்கம் நின்று காலைப் பனியில் பார்க்கும் காட்சி தாளில் வந்துவிடும். பாதிச் சூரியனுக்கு அங்கே வேலை இல்லை.

மலையை எழுதியவர் அடுத்து அங்கே வாழும் மக்களை எழுத விரும்புவார். வத்தல்மலையில் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. வெயிலில் உழைக்கும் அவர்கள் முகத்துக்கு எந்த வண்ணம்? கிரேயான் பெட்டியில் ஒரு வெளிர் ஆரஞ்சுக் கட்டியை நம் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகின்றனர். அமெரிக்காவின் க்ரேயோலா நிறுவனமே, 'சதை நிறம்' என்று பொருள்படத் தான் வைத்திருந்த பெயரை 1962இல் கைவிட்டு, அக்கட்டிக்குப் பீச் பழத்தின் பெயரைச் சூட்டிவிட்டது. நாம் இன்னும் விடவில்லை. தன் தாயின் முகத்தையே அந்தக் கட்டியால் தீட்டும் சிறுமியை எந்த வகுப்பிலும் காணலாம். தாய் அந்த நிறமல்ல என்பது அவளுக்குத் தெரியும். படத்தில் முகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறாள்.

காற்றுத் தூரிகைக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. புகைப்படங்களைத் திருத்துவதற்கு அது நெடுங்காலம் பயன்பட்டது. சோவியத் நாட்டில் ஸ்டாலினுக்கு அருகே நின்ற யெஷோவ் என்ற அதிகாரி 1940இல் கொல்லப்பட்ட பிறகு, படத்திலிருந்தும் துடைக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் தீட்டப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்து முகத்தை வெளுப்பாக்குவர். இன்று கைப்பேசியே அதைக் கேளாமலே செய்துவிடுகிறது. மணப்பெண்ணின் படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

திருச்சபையின் கலை மரபில் இதற்கு மாறான எடுத்துக்காட்டுகள் உண்டு. மெக்சிகோ மக்கள் 1531ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்திப் போற்றும் குவாதலூப்பே அன்னையை, மாநிறத்தவள் என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைக்கின்றனர். நம் நாட்டில் கோவாவில் 1902இல் பிறந்த ஆஞ்சலோ த போன்சேகா, மரியன்னையைச் சேலையுடுத்திய இந்தியப் பெண்ணாக, மண்ணிற மேனியோடு தீட்டினார். அதற்காக அவர் வாங்கிக்கொண்ட எதிர்ப்பு கொஞ்சமல்ல. 1967இல் மறைந்த இவர், அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காகப் படியவிட்டுத் தீட்டும் வங்காள முறை இவருக்குக் கைவந்திருந்தது. காற்றுத் தூரிகையின் முறையும் ஏறத்தாழ அதுவே.

மாநிற முகத்துக்கு வேண்டியவை யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கிரிம்ஸன், அல்ட்ராமரீன் ஆகிய ஐந்தே. சியன்னா என்பது புனித கத்தரீனாளின் ஊர். அந்தப் பகுதியின் மஞ்சள் மண்ணைச் சுட்டால், நம்மூர்ச் செங்கல் சிவப்பது போலச் சிவக்கும். அதுவே இந்த வண்ணம். முதலில் ஆக்கரும் சியன்னாவும் கலந்து, பால் பதத்தில் நீர்க்கவைத்து, முகம் முழுவதும் மெல்லத் தெளியுங்கள். காய்ந்தபின் கன்னம், மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றில் கிரிம்ஸன் சிறிது. நிழலுக்கு அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்தால் உயிருள்ள கருமை கிடைக்கும். கருநிற மேனியாயின் இந்த அடுக்கைக் கூட்டிக்கொண்டே போகலாம். கறுப்பு வண்ணத்தைத் தொடாதீர்கள்; கறுப்பு மஞ்சளோடு சேர்ந்து பாசி நிறம் தரும், முகம் வாடிவிடும்.

வெள்ளையிலும் எச்சரிக்கை வேண்டும். முகத்தைச் சற்று எடுப்பாக்கலாம் என்று கடைசியில் வெள்ளையைத் தெளித்தால், மலைக்கு நிகழ்ந்ததே முகத்துக்கும் நிகழும். நீலம் பாரித்து, சாம்பல் பூத்து, எதிரே இருப்பவர் தொலைவில் நிற்பதுபோல் ஆகிவிடுவார். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் ஒளி வேண்டுமானால், தொடக்கத்திலிருந்தே அந்த இடங்களில் இரண்டு அடுக்கைக் குறைத்து விட்டுவைக்க வேண்டும். விட்டுவைக்காமல் போனால், காய்ந்தபின் மெல்லிய அழிப்பானால் அங்கே லேசாகத் தேய்த்து எடுக்கலாம். கண்ணின் ஒளிப்பொட்டு ஒன்றுக்கு மட்டும் வெள்ளை. அதிலும் ஊசிமுனையளவு ஆக்கர் கலந்துகொண்டால் நீலம் தட்டாது.